ஆறு விலகிய வரைபடம்: தலைமைத் திட்டமிடுநர் அம்மையாருக்கு எங்கள் நன்றி மடல்

அமைதிக்கு அட்டவணை போட்ட அம்மையீர்! படையை அனுப்பும் முன் பாதையைப் பார்த்த பண்பாளரே! துப்பாக்கிகளை எண்ணும் முன் தண்ணீர்த் தொட்டிகளை எண்ணிய தலைமைத் திட்டமிடுநரே! மூன்றாம் மாடியின் முப்பத்தோராண்டு முதுகெலும்பே! வணக்கம்.

அடுக்குமொழி இத்துடன் தீர்ந்துவிட்டது. எங்கள் பிரிவுக்கு அட்டவணை எழுதித்தான் பழக்கம் என்பது தாங்கள் அறிந்ததே. ஆனாலும் இம்மடலுக்கு ஒரு வேலை இருக்கிறது. தங்கள் பெயர் மேல் பதினொரு ஆண்டுகளாகக் கோப்பில் நிற்கும் ஒரு பழியை, தாங்கள் ஓய்வு பெறும் இன்று எல்லோரும் கேட்க நீக்கியாக வேண்டும்.

சண்டையிடும் தரப்புகளின் சம்மதம், யார் பக்கமும் சாயாமை, உயிரையும் பணியையும் காக்க அன்றி ஆயுதம் எடுக்காமை. அமைதிப் பணியின் இந்த மூன்று நெறிகளும் கையேட்டில் அரைப் பக்கம்தான். தாங்களோ அவற்றை எங்கள் உயிரை வாங்கும் கேள்விகளாக மாற்றி வைத்திருந்தீர்கள். முகாமுக்குக் காய்கறி எந்தக் கரைச் சந்தையில் வாங்குவது, மழை பிடித்தால் எந்தப் பாலம் முதலில் மூழ்கும், காயம்பட்டவர் எத்தனை மணி நேரத்தில் மருத்துவரிடம் சேர்வார் என்று கேட்டுக்கொண்டே இருப்பீர்கள். கடைசியாக, "போறது இருக்கட்டும், எப்போ திரும்பி வர்றோம்? அதையும் எழுதுங்க" என்பீர்கள். "ரெண்டு பக்கமும் கேட்டாச்சா?" என்று நாளுக்குப் பத்து முறை கேட்டதால் தங்களுக்கு 'ரெண்டு பக்கம்' என்றே பட்டப்பெயர் வைத்தோம். அது தங்கள் காதுக்கு எட்டியதும் எங்களுக்குத் தெரியும். மின்விசிறிக்காக மல்லுக்கு நின்ற வழங்கல்காரரையும் மருத்துவத் திட்டக்காரரையும் தனித்தனியே அழைத்துப் பேசி, ஒப்பந்தம் எழுதிச் சுவிட்சுக்கு மேலே ஒட்டினீர்கள். அந்தப் போர்நிறுத்தம் இன்றுவரை மீறப்படவில்லை.

இனி, அந்தப் பழிக்கு வருகிறோம்.

பதினொரு ஆண்டுகளுக்கு முன், இரு படைகளும் விலகி நிற்க வேண்டிய எல்லைக் கோட்டை ஓர் ஆற்றின் வழியே வரைந்தோம். வரைந்தவர் எங்கள் வரைபடக்காரர். வேலைக்குச் சேர்ந்து ஏழு மாதம், பணி இன்னும் உறுதியாகவில்லை. அவசரத்தில் பழைய வரைபடத்தை வைத்துக் கோடு போட்டுவிட்டார். முந்தைய ஆண்டு வெள்ளத்தில் ஆறு தடம் மாறியிருந்தது அதில் இல்லை. விளைவாக, ஓர் ஊரின் நாற்பது வீடுகள் கோட்டுக்கு இந்தப் பக்கமும் அவ்வூரின் ஒரே கிணறு அந்தப் பக்கமும் போயின. அவ்வூர்த் தரப்பின் தளபதி, எங்கள் படை வருவதற்குக் கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறுவதாகச் சொல்லியனுப்பினார். எங்கள் முந்நூறு வீரர்கள் விமான நிலையத்தில் மூட்டை முடிச்சோடு காத்திருந்தார்கள்.

தாங்கள் வரைபடக்காரரைக் கடிந்து ஒரு சொல் சொல்லவில்லை. மறுநாளே காவல் வண்டி இல்லாமல் போய்த் தளபதியின் கூடாரத்தில் ஐந்து மணி நேரம் உட்கார்ந்தீர்கள். "தப்பு எங்களோடது. கிணறு ஊர்க்காரங்க பக்கமே இருக்கட்டும். ஆனா எதிர்த் தரப்பையும் கேட்டுட்டுத்தான் கோட்டை மாத்துவோம்" என்றீர்கள். தங்களோடு வந்த மொழிபெயர்ப்பாளர் சொல்லித்தான் இது எங்களுக்குத் தெரியும். அடுத்த நாள் மறுகரைக்கும் போனீர்கள். நான்காம் நாள் இரு தரப்பும் புதிய கோட்டில் கையெழுத்திட்டன, விமானமும் கிளம்பியது. அந்த ஊரில் பிறகு ஒரு குண்டும் வெடிக்கவில்லை.

விசாரணைக் குழு வந்து, கோடு போட்டது யார் என்று கேட்டது. "கடைசிக் கையெழுத்து என்னோடது. என் பேரை எழுதிக்குங்க" என்றீர்கள். எழுதிக்கொண்டார்கள். தாங்கள் ஆறு ஆண்டுகளாகக் காத்திருந்த களத் தலைமைப் பதவி அந்த ஒரு வரியால் வேறொருவருக்குப் போயிற்று. வரைபடக்காரரின் பணி உறுதியானது. அவர் வீடு கட்டினார், இரண்டு பெண்களைப் படிக்க வைக்கிறார். உண்மையை மேலிடத்தில் சொல்லிவிடுகிறேன் என்று மூன்று முறை தங்கள் அறைக்கு வந்தார். மூன்று முறையும் தேநீர் கொடுத்துப் பேச்சை மாற்றி அனுப்பிவிட்டீர்கள். அந்த நன்றிக்கடன் அவருக்கு நெஞ்சில் கனத்துக்கொண்டே இருந்தது.

அம்மையீர், இம்மடலை இப்போது தங்கள் முன் நின்று வாசித்துக்கொண்டிருப்பவர் அவரேதான். குரல் தடுமாறினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தாங்கள் நல்ல உடல்நலத்தோடும் நிறைந்த தூக்கத்தோடும் நெடுங்காலம் வாழ வேண்டும். யாருடைய சண்டைக்கும் அட்டவணை போடாமல், தங்கள் விருப்பப்படி பொழுது போக்க வேண்டும் என்று மனதார வேண்டுகிறோம்.

இன்று காலை அந்தக் கோப்பை எடுத்து, பிழைக்குப் பொறுப்பானவர் என்ற இடத்தில் தங்கள் பெயரை நீக்கித் தன் பெயரை எழுதிக் கையெழுத்திடுவதற்கு வரைபடக்காரர் மேலிடத்தின் அனுமதி பெற்றார். எழுதியும் விட்டார். நாங்கள் அனைவரும் சாட்சியாகக் கையெழுத்திட்டோம். தங்களைக் கேட்டால் விடமாட்டீர்கள் என்பதால், இந்த ஒன்றுக்கு மட்டும் தங்களைக் கேட்கவில்லை.

நீங்காத நன்றியுடன்,
திட்டமிடல் பிரிவில் தங்களோடு உழைத்த அனைவரும்