உள்பக்கப் பூச்சு

சாயங்காலம் ஏழு மணி தாண்டியிருக்கும். ஏரிக்கரை ரோடு. ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் நாணல், நடுவில் ஆள் நடமாட்டமே இல்லை... அந்த ரோட்டில் ஒரு குட்டி லாரி. அதன் மேல் கவிழ்த்துக் கட்டிய ஒரு சின்ன அலுமினியப் படகு. பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் படகு 'டொங்' என்றது. ரோடு சமமாக இருந்த இடத்திலும் ஒரு தடவை... 'டொங்'.

டிரைவர் திரும்பிப் பார்த்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், "கயிறு தளந்திருக்கும், நீ ஓட்டுப்பா" என்றார்.

அவர்தான் ஒன்பதரை.

கிட்ட வந்து உட்காருங்கள். சத்தம் போட்டுச் சொல்கிற கதை இல்லை இது. எதிர்வீட்டுத் தையல்காரம்மா இருக்கிறாளே, அவள் கூடப்பிறந்த அண்ணனுக்கு நடந்தது. லேத் பட்டறையில் வேலை அவருக்கு. இடது கை மோதிர விரலில் பாதியை மெஷின் தின்றுவிட்டது. மிச்சம் ஒன்பதரை. அந்தப் பெயரை வைத்தது யார் என்று கேட்காதீர்கள். தெருவில் எல்லாரும் என்னைத்தான் பார்ப்பார்கள்.

அந்த அரை விரலைப் பார்த்தால் மற்ற பிள்ளைகள் ஓடும். அவருடைய மகள் மட்டும் அதைத்தான் பிடித்துக்கொண்டு நடப்பாள். குடைக்குக் கைப்பிடி மாதிரி, அவளுக்கு அது. எங்கே போனாலும் அப்பாவுக்கு இடது பக்கம். பெற்ற தாயே அங்கே வந்தாலும் இடித்துத் தள்ளிவிட்டு நுழைந்துகொள்வாள். மனுஷனுக்கு அதில் ஒரு ராஜகளை. பாதி விரல் போனதற்கே அவர் வருத்தப்படவில்லை என்று அவர் மனைவி சொல்வாள்.

படகை விற்றது ஏரிக்கரையில் தனியாக இருந்த ஓர் அம்மாள். விலையைப் பற்றி வாயே திறக்கவில்லை. "வீட்ல சின்னப் புள்ள இருக்கா?" என்று மட்டும் கேட்டாள். வராந்தாவில் ஒரு குட்டித் துடுப்பு கிடந்தது. அதையும் தன் தலையில் கட்டிவிடுவாளோ என்று பயந்து, "இல்லீங்க" என்றார் நம்மாள். தேவையே இல்லாத இடத்தில் பொய் சொல்வது அந்தக் குடும்பத்துக்கே உள்ள கைராசி. லாரி கிளம்பிய பிறகு அவள் பின்னாலேயே ஓடி வந்தாள்.

"பழைய பெயின்ட சுரண்டாதீங்க. மேலயே அடிச்சுக்கங்க..."

பட்டறைக்காரனிடம் சொல்லக்கூடாத வார்த்தை. பழைய பெயின்ட் மேல் புதுப் பெயின்ட் அடிப்பது, அவரைப் பொறுத்தவரை, குளிக்காமல் சென்ட் போட்டுக்கொள்வது.

படகு வந்த விஷயம் தெருவுக்குத் தெரிந்த பிறகுதான் அவர் மனைவிக்கே தெரியும். "குழாய் ஒழுகுது, அதப் பாக்க ஆளில்ல. துரைக்குக் கப்பல் கேக்குது" என்றாள். மகளுக்கோ தலைகால் புரியவில்லை.

"ஞாயித்துக்கெழம போலாமாப்பா?"

"போலாம். ஆனா ஒண்ணு. சுரண்டின எடத்துல வெறுங்கை வெக்கக் கூடாது. கையில இருக்கிற எண்ணெப் பசை பட்டா பெயின்ட் நிக்காது. அப்படியே உரிஞ்சு வந்துடும்."

தலையை ஆட்டினாள்.

பின்பக்கத்து ஷெட்டில் படகை நிமிர்த்தி வைத்து, கையுறை மாட்டிக்கொண்டு, உள்பக்கத்தில் பெயின்ட் ரிமூவரைத் தடவினார். மூக்கை அறுக்கிற நெடி. பெயின்ட் கொப்புளம் கொப்புளமாகப் பொங்கியது. தகடு போட்டு இழுத்தால் சர்ர்... சர்ர்... என்று சுருண்டு வந்தது. வெளிப்பக்கம் ஒரே பூச்சு என்று பார்த்தாலே தெரிந்தது. உள்ளேயோ... சாம்பல். அதன் கீழே பச்சை. அதன் கீழே சிவப்பு, நீலம், மறுபடி சாம்பல்... யார் கண்ணிலும் படாத உள்பக்கத்துக்கு எதற்கு இத்தனை சட்டை?

அவருக்கும் அது தோன்றத்தான் செய்தது. ஆனால் அதற்குள் வெறும் அலுமினியம் பளிச்சென்று தெரிய ஆரம்பித்துவிட்டது. அழகைப் பார்த்தபின் யார் யோசிக்கிறார்கள்? உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, தின்னரில் துடைத்து, பிரைமர் அடித்து, அது காய்ந்ததும் வெள்ளை அடித்தார். கண்ணாடி மாதிரி இருந்தது.

மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால், படகின் தரையில் ஓர் இடத்தில் பெயின்ட் உரிந்து கிடந்தது.

ஐந்து விரல். ஒரு சின்ன உள்ளங்கை.

"வாடி இங்க."

"நான் வெக்கலப்பா."

"பின்ன யாரு, உங்க அத்தையா வந்து வெச்சா?"

"நான் வெக்கல..."

அடித்துவிட்டார். ஒரே அடி. முதுகில். கை நீட்டியே பழக்கமில்லாத மனிதர். அவளும் அழவில்லை. அன்றைக்குப் பள்ளிக்கூடம் போகும்போது அவர் பக்கமே வராமல், அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அரை விரல் சும்மா தொங்கியது.

மறுபடி தேய்த்து, துடைத்து, அடித்தார். இந்தத் தடவை ஷெட்டைப் பூட்டி, சாவியைத் தலையணைக்கடியில் வைத்துப் படுத்தார். விடிந்ததும் திறந்தார்... இப்போது இரண்டு கை. பக்கத்தில் பக்கத்தில்.

அவருக்கு முதலில் பயம் வரவில்லை. அநியாயமாகப் பிள்ளையை அடித்துவிட்டோமே என்றுதான் இருந்தது. அன்றைக்குப் பட்டறையில் கடைந்ததெல்லாம் கோணல் என்று கேள்வி. சாயங்காலம் மகளிடம் போய் நின்றார். "ஞாயித்துக்கெழம கண்டிப்பாப் போறோம்" என்றார். தப்பு செய்துவிட்டேன் என்று சொல்ல வாய் வராத ஆண்கள் எல்லாரும் இப்படி எதையாவதுதான் சொல்கிறார்கள். அவள் தலையைக்கூட ஆட்டவில்லை.

சனிக்கிழமை, இருட்டுகிற நேரம். வெளிப்பக்கம் மட்டும் பாக்கி. அதற்குப் படகைக் கவிழ்த்து இரண்டு பெஞ்சுகள் மேல் ஏற்றியிருந்தார். அடிப்பக்கத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தார். சர்ர்... சர்ர்... சர்ர்...

டொக்.

நிறுத்தினார். ஒன்றுமில்லை. மறுபடி சுரண்டினார். சர்ர்...

டொக். டொக்.

கைக்கு நேர் கீழே. உள்ளேயிருந்து.

பெருச்சாளியாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டார். டார்ச்சை எடுத்தார். தரையில் மல்லாந்து படுத்து, முதுகாலேயே நகர்ந்து நகர்ந்து படகுக்கு அடியில் போனார். உள்ளே தின்னர் வாடை இல்லை. ரிமூவர் நெடி இல்லை. பாசி வாடை... நாள்பட்ட தண்ணீரின் வாடை.

டார்ச்சை மேலே அடித்தார்.

படகின் தரை இப்போது அவருக்குக் கூரை. அந்தக் கூரை முழுக்கக் கைகள். அதே சின்னக் கை. ஒன்றின் மேல் ஒன்று. உள்ளங்கையின் அடிப்பக்கம் அழுந்த, விரல்கள் விரிய... படகில் உட்கார்ந்திருக்கிற பிள்ளை தரையில் கை ஊன்றினால் இத்தனை இடத்தில் விழாது. கவிழ்ந்த படகுக்கு அடியில் மாட்டிக்கொண்டு, மேலே தள்ளு தள்ளு என்று தள்ளினால்தான்...

நெற்றியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தது. சில்லென்று.

நாமாக இருந்தால் அந்த ஷெட்டைப் பிய்த்துக்கொண்டு ஓடியிருப்போம். அவர் ஓடவில்லை. அந்த நேரத்தில் தன் மகள் நினைவுதான் வந்ததாம். "நான் வெக்கலப்பா" என்று சொல்லிவிட்டு நின்றாளே, அந்த முகம். இந்த மனிதர் என்ன செய்தார் தெரியுமா... இடது கையுறையைக் கழற்றினார். வெறுங்கை வைக்கக் கூடாது என்று ஊருக்கே பாடம் எடுத்தவர், தன் வெறுங்கையை அந்தச் சின்னக் கை மேல் வைத்தார். மகளிடம் சொல்வது போலவே சொன்னார்.

"பயப்படாத. அப்பா இருக்கேன்ல."

அரை விரலை எதுவோ பிடித்த மாதிரி இருந்தது. ஈரமாக. இறுக்கமாக. அவ்வளவுதான்... அப்புறம் தின்னர் வாடை வந்துவிட்டது. பெஞ்சு, டார்ச், தெருவில் ஒரு சைக்கிள் மணி.

அன்றே உள்பக்கத்தைத் தேய்த்து மறுபடி வெள்ளை அடித்தார். காலையில் பார்த்தால், ஒரு கீறல் இல்லை. பெயின்ட் கல்லு மாதிரி பிடித்திருந்தது.

மனிதருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வெளிப்பக்கம் அரைகுறையாக இருந்தால் இருக்கட்டும் என்று படகை ஏரிக்கு ஏற்றிவிட்டார். மனைவி, "மூழ்கினா போன் பண்ணுங்க" என்று வழியனுப்பினாள். மகள் வந்தாள். முன்பலகையில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் சிரிக்கவும் செய்தாள். படகு மட்டும் இடது பக்கம் லேசாகச் சாய்ந்தே போனது. அவர் வலது பக்கம் நகர்ந்து உட்கார்ந்து பார்த்தார். அப்போதும் அப்படித்தான்.

படகைக் கரையில் கட்டிவிட்டுத் திரும்பும்போது பொழுது சாய்ந்துவிட்டது. அதே ஏரிக்கரை ரோடு. ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் நாணல். அவர் இடது கையை நீட்டினார். அவள் சுற்றிக்கொண்டு வலது பக்கம் வந்து, முழு விரல்கள் உள்ள கையைப் பிடித்தாள்.

"இன்னும் கோவமாடா?"

"இல்லப்பா."

"பின்ன ஏன் அந்தப் பக்கம்? உன் பக்கம் இதானே?"

அவள் எட்டி ஒரு தடவை பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்.

"அங்க ஆள் இருக்குப்பா."

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. நடந்துகொண்டே, இடது கை விரல்களை மெல்ல விரிக்கப் பார்த்தார்...

நாலரையும் மடங்கியே இருந்தன.