மங்கலாக் கிடந்த பட்டன்

தங்கப்பொண்ணு: ...அட, கம்ப்யூட்டர் திரையில மேல வரிசையா அஞ்சு பட்டன்! தல்லாகுளத்துலயே பட்டன்ல படம் போட்ட கல்யாணத் தகவல் மையம் நம்மளுதுதான் காசி சார்.

காசிமாயன்: இனிமே எந்த வேலைக்கு எஃப் ஏழு கீ, எதுக்கு எஃப் எட்டுன்னு மனப்பாடம் பண்ண வேணாம். புதுசு, தேடு, பொருத்தம், பிரிண்ட்... கடைசியா 'முடிஞ்சது'. கல்யாணம் முடிவான ஜாதகத்தத் தொறந்து அத அழுத்துனா, பட்டியல்லருந்து போயிரும்.

தங்கப்பொண்ணு: அதுல என்ன... தேங்கா மூடியா?

காசிமாயன்: மாலைங்க!

தங்கப்பொண்ணு: மாலையா!

காசிமாயன்: சிரிக்காதீங்க. இத்துனூண்டு கட்டத்துக்குள்ள இம்புட்டுத்தான் வரும். ஞாயித்துக்கெழம பூரா ரூம்ல தனியாக் கெடந்து வரஞ்சது.

தங்கப்பொண்ணு: வீட்டுக்குப் போகலியா?

காசிமாயன்: அங்க யாரு இருக்கா... சரி, ஒன்னாம் நம்பரத் தொறந்து அழுத்திப் பாருங்க.

தங்கப்பொண்ணு: அது உங்க ஜாதகமில்ல?

காசிமாயன்: நாலு வருசத்துக்கு முந்தி சோதனைக்கு ஏத்துனது. அப்படியே கெடக்கு.

தங்கப்பொண்ணு: கெடக்கட்டும். நானூத்திப் பதினேழத் தொறக்குறேன்... என்ன சார், பட்டன் மங்கலா இருக்கு? அமுங்க மாட்டேங்குது.

காசிமாயன்: ...மவுஸ் சரியில்லையோ.

தங்கப்பொண்ணு: பக்கத்து நம்பருக்கெல்லாம் பளிச்சுன்னு இருக்கே. இது ஒன்னுக்குத்தான்...

காசிமாயன்: அது உங்க ஜாதகமாச்சே. அத எதுக்கு இப்ப...

தங்கப்பொண்ணு: பேச்ச மாத்தாதீங்க.

காசிமாயன்: ...புரோகிராம் எழுதயில ஒரு வரி சேத்துட்டேன். அந்த நம்பருக்கு மட்டும் அமுங்கக் கூடாதுன்னு. தப்புத்தான்.

தங்கப்பொண்ணு: வெள்ளிக்கெழம எனக்கு நிச்சயம் சார். மாப்ள பரவை மார்க்கெட்ல காய்கறி மண்டி வச்சிருக்காரு. நாளையோட இங்க வேலைய விட்டு நின்னுக்கிறேன்.

காசிமாயன்: ...சந்தோசம். அந்த வரிய எடுத்துர்றேன். ஒரு நிமிசம் இருங்க.

தங்கப்பொண்ணு: எதுக்கு எழுதுனீங்க?

காசிமாயன்: இனிமே சொல்லி என்ன... ஒரு நாளு நமக்குப் பொருத்தம் போட்டுப் பாத்தேன். பத்துக்கு ரெண்டுதான் வந்துச்சு. அதான் வாயத் தொறக்கல. ம்... எடுத்துட்டேன். இப்பப் பாருங்க.

தங்கப்பொண்ணு: உங்க ஜாதகத்துல ஆறரை மணின்னு போட்டவரு, காலையா சாயந்தரமான்னு பாக்கலியே சார். விளக்கு வைக்கிற நேரத்துல பொறந்தேன்னு நீங்கதான் ஒரு நாளு சொன்னீங்க. நீங்க பொறந்த அன்னைக்கு மத்தியானத்தோட நட்சத்திரமே மாறிருது. நான் சாயந்தரம்னு மாத்திப் போட்டுப் பாத்தேன்... பத்துக்கு ஒம்போது. நீங்களாக் கேப்பீங்கன்னு ரெண்டு வருசமா இருந்தேன்... ஆங், பட்டன் பளிச்சுன்னு வந்துருச்சு சார்.