சோதனையில் தவறிய மகள்

கனகராயன்குளத்தில் பஸ் ஏறியவர் மடியில் ஒரு பலாப்பழத்தோடு என் முன்னிருக்கையில் அமர்ந்தார். பக்கத்தில் இருந்தவரிடம், "மகள் சோதினையிலை பெயில், அண்ணை. அதுதான் பழம் கொண்டு போறன்" என்றார்.

"பெயிலானதுக்குப் பழமோ?"

"ஓம். 'பெயிலெண்டால் வீட்டுப்பக்கம் வராதை' எண்டு பகிடியாய்ச் சொன்னனான். பிள்ளை அதை நம்பி, யானை திரியிற காட்டு றோட்டாலை தனியப் போயிருக்கிறாள். அங்கை கடை வைச்சிருக்கிற முஸ்லிம் அம்மா ஒராள் அவளை மறிச்சு, சோறு குடுத்து, எனக்கு ஆள் அனுப்பினவா. அவாவுக்குத்தான் இந்தப் பழம்."

"மகளுக்கு அடிச்சியளோ?"

"இல்லை. மன்னிப்புக் கேட்டனான்."

சரியப்போன பழத்தை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார். பிறகு அவரே சொன்னார்:

"நேற்று என்னோடை வயலுக்கு வந்தவள். வழி முழுக்கக் கதைச்சுக்கொண்டு வந்தவள். அவளிட்டை இவ்வளவு கதை இருக்கெண்டு எனக்குத் தெரியாது, அண்ணை."