பவுடர் பூசின டயர்

...இதையெல்லாம் டயர்னு சொல்லி ஒருத்தர் தலையில கட்ட எப்படி அண்ணே உங்களுக்கு மனசு வந்துச்சு? வாங்க, உள்ள வாங்க. செருப்பை அங்கயே விடுங்க. வீட்டுக்காகச் சொல்லல, வீட்டுல எப்படி வேணா நடக்கலாம், கேக்க நாதியில்ல. இந்த ரூமுக்காகச் சொல்றேன். செருப்புல எண்ணெய் கிண்ணெய் ஒட்டியிருந்தா ரப்பருக்கு ஆகாதாம். எங்க வீட்டுக்காரர் போட்ட சட்டம்.

இதோ, இந்த ரெண்டும்தான். மூணு வருஷம் முன்னாடி உங்க கடையில வாங்கினது. பாருங்க, நல்லாக் கிட்ட வந்து பாருங்க. பக்கமெல்லாம் எப்படி வெடிச்சுக் கெடக்கு! என் குதிகாலே தேவல. இந்த அளவு டயர் போடுறதையே கம்பெனிக்காரன் நிறுத்திட்டான், இது கடைசி ஜோடின்னு சொன்னீங்களே, நம்பித்தானே வாங்கினாரு? இப்ப என்ன ஆச்சு? இவரோட அந்தக் காலத்து வண்டி கட்டை மேல ஏறி ஒக்காந்திருக்கு, வேலை விட்டு வந்தா இவரு தரையில ஒக்காந்து அதையே பாத்துக்கிட்டு இருக்காரு.

ஊரெல்லாம் சொல்றாருன்னு வருத்தப்படுறீங்களாமே? பின்ன, சொல்லாம? காலாவதியான சரக்கை, தேதி நம்பரை மாத்தி வித்துட்டான்னு, பழைய வண்டி வச்சிருக்கிறவங்க அத்தனை பேருகிட்டயும் போன் போட்டுச் சொல்லிட்டாரு. ஒருத்தரும் இப்ப உங்க கடைப்பக்கம் தலைவச்சுப் படுக்கிறதில்லையாமே? வேணும் அண்ணே. நல்லா வேணும். இருபது வருஷமா பழகினவரு. எங்க பொண்ணு கல்யாணத்துல பந்திக்கு முன்னால நின்னு எல்லாரையும் கவனிச்சவரு நீங்க. நீங்களே இப்படிப் பண்ணினா...

ஒக்காருங்க. அங்க இல்ல, அது டயர் முக்காலி. மனுஷங்க ஒக்காரக் கூடாது. தரையில ஒக்காருங்க.

நான் வாழ்க்கைப்பட்ட கதையைக் கேளுங்க. இந்த ரூமு எனக்குன்னு கட்டினது. பொண்ணைக் கட்டிக் குடுத்ததுக்கப்புறம் என் தையல் மெஷினைப் போட்டுக்கிட்டு, ஜன்னலைத் தொறந்து வச்சுக்கிட்டு ஒக்காந்து தைக்கலாம்னு. கடைசியில என்னாச்சு? ஜன்னலுக்குக் கறுப்புக் காகிதம் ஒட்டியாச்சு. வெயிலு படக்கூடாதாம் மகாராஜாவுக்கு! ஒண்ணு ரெண்டு இல்ல அண்ணே, பதினாலு டயரு. ஆணியில மாட்டக்கூடாது, ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கக்கூடாது, நிக்க வச்சுத்தான் வைக்கணும். மாசம் ஒருவாட்டி ஒவ்வொண்ணையும் கால் சுத்து சுத்திப் பெரட்டி வைக்கணும். எங்க மாமனார் எட்டு மாசம் படுத்த படுக்கையாக் கெடந்தாரு, பெத்த அப்பன், அவரைப் பெரட்டிப் போட இந்த மனுஷன் ஒருநாள் வந்திருப்பாரா? நான்தானே பெரட்டினேன்! டயருன்னா மட்டும் காலண்டர்ல குறிச்சு வச்சுப் பெரட்டுவாரு.

உள்ள போடுற டியூபுக்குப் பவுடர் வேற. மூஞ்சிக்குப் போடுற பவுடரேதான். எங்க பொண்ணு கைக்குழந்தையா இருந்தப்ப நான் இவ்ளோ பவுடர் போட்டதில்ல. டப்பா டப்பாவா வாங்கிக் கொட்டிக்கிட்டு, அப்புறம் மேலுக்கும் கொஞ்சம் பூசிவிட்டுட்டு, தடவித் தடவிப் பாத்துக்கிட்டு... எனக்கே கூச்சமா இருக்கும், கதவைச் சாத்திட்டுப் போயிடுவேன்.

பக்கத்துல நாலு நம்பர் போட்டிருக்குமே, எந்த வாரம், எந்த வருஷம் பொறந்ததுன்னு? பதினாலுக்கும் மனப்பாடமாச் சொல்லுவாரு. நம்ம பொண்ணு எப்பப் பொறந்தான்னு கேட்டா, "மழைக்காலம்"ங்கிறாரு.

தேடிப் போன கதையைக் கேட்டா நீங்களே காறித் துப்புவீங்க. என் பெரியப்பா தவறிட்டாருன்னு துக்கம் கேக்கப் போனோம். பெரியம்மா என் தோளைக் கட்டிக்கிட்டு அழுவுறாங்க. இவரைக் காணோம். எங்கடான்னு பாத்தா கொல்லைப்பக்கம், செவுத்தோரம் குந்தி ஒக்காந்து, கோழி படுத்திருந்த டயரைத் தொடைச்சு நம்பர் பாத்துக்கிட்டு இருக்காரு! கோழி ஒரு பக்கம் கத்துது, பெரியம்மா ஒரு பக்கம் கத்துறாங்க. திரும்பி வர்றப்ப பஸ்ஸுல டயரு ஜன்னலோரம், நான் நின்னுக்கிட்டு. இன்னொருவாட்டி, மரத்துல புள்ளைங்க ஊஞ்சல் கட்டியிருந்த டயரு. நல்ல அளவாம். கயித்தை அவுத்தே எடுத்துட்டு வந்துட்டாரு அண்ணே! மூணு குழந்தைங்க தெரு முனை வரைக்கும் அழுதுக்கிட்டே வந்துச்சுங்க. பதிலுக்கு ஒரு பலகை குடுத்தாராம், பெரிய தர்மப்பிரபு.

என்ன அங்கயே பாத்துக்கிட்டு இருக்கீங்க? அந்தக் கோடியில இருக்கிறதா? அது நல்லாத்தான் இருக்கு. கோழி டயரு. பதினோரு வருஷமாச்சு, ஒரு கீறல் கிடையாது. அதுதான் சொல்றேன், கோழி படுத்த டயரு நல்லா இருக்கு, கடைக்காரர் குடுத்தது வெடிச்சுப் போச்சு! பாருங்க, இந்தக் கதவோரம் இருக்கிற நாலுதான் மோசம். உங்க ஜோடி ரெண்டு, வேற எங்கயோ வாங்கினது ரெண்டு... ஆமா, அதுவும் வெடிச்சிருக்கு. அது உங்க கடையில வாங்கினதில்லதான். அதுக்கு என்ன இப்ப?

தரையில என்ன தடவிப் பாக்குறீங்க? கோடா? அது சக்கரம் போன தடம். என் தையல் மேசைக்குக் கீழ சக்கரம் வச்சிருக்கேனே. ஆமா, இங்கதான் கொண்டாந்து தைப்பேன். மெதுவாப் பேசுங்க, இவருக்குத் தெரியாது, யாராவது கேட்டுப் போட்டுக் குடுத்துடப் போறாங்க. காலையில இவரு வேலைக்குக் கெளம்பினதும் உள்ள தள்ளுவேன், வர்றதுக்குள்ள ஹாலுக்குத் தள்ளிடுவேன். ரெண்டு வருஷமா. ஹால்ல வெயில் நேரா மூஞ்சியில அடிக்குது அண்ணே, ஒரு மனுஷி ஒக்கார முடியுமா? டயருக்கு மட்டும்தான் குளுகுளுன்னு இருக்கணுமா? நானும் இந்த வீட்டுலதானே இருக்கேன்? தலையணை உறை தைக்க ஒத்துக்கிட்டிருக்கேன், ஒரு நாளைக்கு முப்பது உருப்படி.

கால் மெஷினா? முட்டி போயே ரொம்ப நாளாச்சே. மோட்டார் போட்டிருக்கேன்.

என்ன முழிக்கிறீங்க? ஆமா, இவரும் சொல்லியிருக்காரு, ரூமுக்குள்ள மோட்டார் ஓடக்கூடாதுன்னு. நாப்பது சட்டம் சொன்னாரு, அதுல இதுவும் ஒண்ணு. எதுக்குன்னு யாரு கேட்டா? சத்தம் ஆகாது போலன்னு நெனச்சுக்கிட்டேன். டயரு என்ன, தூங்குதா, முழிச்சுக்கிட்டு அழ? ஆனாலும் பாவம் பாத்து, மோட்டாருக்கு அடியில பழைய போர்வையை நாலா மடிச்சு வச்சுத்தான் தைச்சேன். கதவையும் சாத்திக்குவேன், சத்தம் வெளிய போகக்கூடாதுன்னு.

என்னது? சத்தமில்லையா? மோட்டாருக்குள்ள பொறி பறக்குமா... அதுல ஒரு காத்து வருமா... மூடின ரூமுல அது ரப்பரைத் தின்னுருமா? போங்க அண்ணே. கண்ணுக்குத் தெரியாத காத்து, டயரைத் திங்குதாம். யாருகிட்ட விடுறீங்க? அப்படித் திங்கிறதுன்னா என்னையும்ல...

ஆனா ஒரு வாசனை வரும். தைச்சு முடிக்கிறப்ப. ஏதோ பொசுங்கினாப்ல, லேசா. நான் புதுத் துணி வாசனைன்னுல்ல...

மேசையை இங்கதான் நிறுத்துவேன். கதவோரம். இந்த நாலு டயருக்குப் பக்கத்துல.

...

அண்ணே. ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. ஏற்கெனவே நாலு பேருக்கு உங்களைப் பத்திச் சொல்லியாச்சு. ஆனது ஆச்சு. நீங்க கடைக்காரரு, நாளைக்கு நாலு புது டயரு வித்தா ஜனங்க மறந்துடுவாங்க. நான் அப்படியா? இவரு ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாரே! பேரன் பேத்தி வரைக்கும் சொல்லுவாரு, உங்க பாட்டி கடைசி ஜோடியைக் கொன்னவன்னு. சரக்கு பழசா இருந்திருக்கலாம்னு ஒரு வார்த்தை நீங்களே ஒத்துக்கிட்டா என்ன கொறைஞ்சுடுவீங்க? சொல்லுங்க. வாயத் தொறந்து ஏதாவது சொல்லுங்களேன். இல்லன்னா திட்டியாவது விடுங்க...

எங்க கெளம்பிட்டீங்க? அண்ணே! வாசல் கேட்டைத் தெறக்குற சத்தம்... ஐயையோ, இவரு வந்துட்டாரே. நேருக்கு நேரா போய் நின்னுட்டீங்களே.

கேக்குதா, எப்படிக் கத்துறாருன்னு? தெருவுக்கே கேக்கும். என்னது, திருட்டுப் பயலா? ஏங்க, வயசுக்கு மரியாதை குடுத்துப் பேசுங்க! அண்ணே, நீங்களாவது இவருகிட்டச் சொல்லித் தொலைங்களேன், 'டயரைக் கெடுத்தது உங்க பொண்டாட்டிதான்'னு! என்ன இப்படித் தலையைக் குனிஞ்சுக்கிட்டு, ஒரு கையில செருப்பைப் புடிச்சுக்கிட்டு... வாங்கிக்கிட்டே நிக்கிறீங்களே. ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை சொன்னாப் போதுமே.

சே!

இந்தாங்க, நிறுத்துங்க. உங்களைத்தான் சொல்றேன். அவரு மேல இருந்து கையை எடுங்க முதல்ல. அவரு குடுத்தது நல்ல டயருதான். நான்தான் ரெண்டு வருஷமா உள்ள மெஷினைத் தள்ளிட்டு வந்து தைச்சேன். ஆமா, மோட்டார் போட்டுத்தான். ஆமா, கதவைச் சாத்திக்கிட்டுத்தான். என்னை அப்புறம் கத்திக்கலாம், மொதல்ல அந்த போனை எடுத்து, யார் யாருகிட்ட இவரைப் பத்திச் சொன்னீங்களோ அத்தனை பேருகிட்டயும் மாத்திச் சொல்லுங்க. என் பேரைச் சொல்லியே சொல்லுங்க, நான் ஒண்ணும் கரைஞ்சுட மாட்டேன்.

அப்படிப் பாக்காதீங்க. முட்டி போன ஒருத்தி தலையணை உறை தைச்சதையே தாங்காத டயரு, நீங்க ஏறி ஒக்காந்தா தாங்கியிருக்குமா?