ஒரே ஒரு தடவை திட்டுங்க சாமி

— இந்த ஞாயித்துக்கிழமைப் பூசையில என்னைய ஒரே ஒரு தடவை திட்டிடுங்க சாமி. வேற எதுவும் கேக்கல.

— டேய் லெயாந்த்ரோ, ஊருக்கே ராக் பாடகன் நீ. உன்னைய எதுக்குத் திட்டணும்? ஏதும் தப்புத்தண்டா பண்ணிட்டியா?

— பண்ணலையே, அதான் வினை. அதுக்கு அடுத்த சனிக்கிழமை நம்ம ஊர்த் திருவிழாவுல, சதுக்கத்துல என் கச்சேரி. டிக்கெட் வாங்க நாதியில்ல. இதுவும் காத்து வாங்கினா கிதாரை மூட்டை கட்டிட வேண்டியதுதான்னு ரெக்கார்டு கம்பெனிக்காரன் மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டான்.

— பாவம்தான். அதுக்கு இந்தக் கிழட்டுப் பாதிரி என்ன பண்றது?

— எண்பத்திரண்டுல பண்ணினதையே பண்ணுங்க. ‘ஜெபமாலைக்காரி’ பாட்டைக் கேக்குறவனுக்கு பூசையில நன்மை அப்பம் குடுக்க மாட்டேன்னு பிரசங்கத்துல குதிச்சீங்களே. மறுவாரமே சரகோசா டவுன்ல இருந்து பஸ்ஸு பஸ்ஸா வந்து இறங்கினானுங்க. மாட்ரிட்காரன் கூப்பிட்டு ரெக்கார்டு போட்டான். இருபது வருஷம் ஸ்டேடியம் ஸ்டேடியமா கத்தினேன். எல்லாம் உங்க வாய் முகூர்த்தம்.

— இப்ப பூசைக்கு வர்றதே நாலு கிழவிங்கடா. அதுல பாதிப் பேருக்குக் காது கேக்காது.

— ஒருத்தி போன்ல பிடிச்சுப் போட்டா போதும், ஸ்பெயினே பத்திக்கும்.

— பாரு, அந்தப் பாட்டைப் போன மாசம் ஒரு கல்யாணத்துக்குக் கோவில்லயே வாசிச்சாங்க. நானும் தாளம் போட்டேன். மெட்டு நல்லாத்தான் இருக்கு.

— வயித்தெரிச்சலைக் கிளப்பாதீங்க சாமி. மேயரம்மாகிட்டப் போயி, கச்சேரியத் தடை பண்ணுங்கன்னு கெஞ்சினேன். அவ குழந்தைங்க பூங்காவுக்கு என் பேரை வைக்கப் போறாளாம்.

— நல்ல காரியம்தானே?

— என்ன நல்ல காரியம்? ஊஞ்சலுக்கும் சறுக்குமரத்துக்கும் பேர் குடுத்தவனைப் பாத்து எவன் பயப்படுவான்? அன்னிக்கு வந்த கோவத்துல பாதியாவது வரவழைங்க. உதடு ஜெபிக்குது, கண்ணு அடுத்த வீட்டு ஜன்னலை மேயுதுன்னு அந்தப் பாட்டுல எழுதினேனே, கேட்டப்ப ரத்தம் கொதிக்கல?

— அப்ப நான் அந்தப் பாட்டைக் கேட்டதே இல்லையேடா.

— கேக்காமலா அந்தத் திட்டு திட்டினீங்க?

— உங்கம்மா பாஸ்குவாலா வந்து அழுதா. “சாமி, முதல் கச்சேரிக்கு ஒரு ஈ காக்கா வரல. பையன் சோறு தண்ணி இல்லாமக் குப்புறக் கிடக்கான். நீங்க கோவில்ல திட்டினாத்தான் ஜனம் எட்டிப் பாக்கும்”னா. எந்த வரியைச் சொல்லித் திட்டணும்னும் அவளே சொல்லிக் குடுத்தா.

— எந்த வரியச் சொன்னாங்க?

— அவளைப் பத்தி நீ எழுதின அந்த ஜன்னல் வரியத்தான்.