பலூன் கயிறு

"உன் தம்பி மூஞ்சில எப்படி முழிக்கறது?" பங்காருபேட்டையில் ரயில் கிளம்பியதும், எதிர்ப் பலகையில் இருந்தவர் தன் மனைவியிடம் கேட்டார்.

மைதானத்தில் ஆள் ஏறிப் பறக்கும் பலூனைக் காட்ட வந்த வெள்ளைக்காரன், அதைத் தரையோடு இழுத்துக் கட்ட இரும்பு முளைகளும் கொண்டு வந்திருந்தானாம். அவற்றைத் தரையில் அடித்து இறக்கியவர்கள் இவரும் மச்சானும்.

"காத்து தூக்குனதும் நான் அடிச்ச முளை புடுங்கிகிச்சி. ரெண்டு பேருந்தான் கயித்தப் புடிச்சோம். நான் வுட்டுட்டு ஓடிட்டேன்."

"மேல ஆள் இருக்குதுன்னு என் தம்பி வுடல. மத்தவங்க ஓடியாந்து புடிக்கறதுக்குள்ள ரெண்டு உள்ளங்கையும் உரிஞ்சி பூட்ச்சி."

"என்னப் பத்தி இன்னா சொன்னான்?"

"மாமாவுக்கு அடி ஒண்ணும் படலியேன்னு கேட்டான்."

அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

கோரமண்டல் நிலையத்தில் வண்டி நின்றது. அவள் சோற்றுத் தூக்கை எடுத்தாள். "அவனால கையால சாப்ட முடியல. நேத்து நான் ஊட்டுனேன். இன்னிக்கி நீங்க ஊட்டிவுடுங்க."

அவள் இறங்கிவிட்டாள். அவர் அசையவில்லை. விசில் ஊதிய பிறகுதான் எழுந்து ஓடினார். வண்டி நகர்ந்தபோது, நிலையத்துத் தண்ணீர்த் தொட்டியருகே குனிந்து, கைகளைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார்.