இருசம்மாள் தோப்பில் இரண்டாவது புள்ளி

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்துவிட்டால் நான் சின்னப் பிள்ளையாகிவிடுவேன், இன்ஸ்பெக்டர். அன்றைக்கும் கிடைத்தது. மடியில் டிபன் பாக்ஸ், அதற்குள் நாற்பது புழுக்கள். வடலூர் வரை பாட்டு முணுமுணுத்துக்கொண்டே போனேன்.

சிதம்பரத்தில் என் வீட்டுக் கொல்லையில் நிற்கும் முந்திரி மரத்தில்தான் அவற்றை முதலில் பார்த்தேன். இந்தப் புழு இலையின் இரண்டு தோலுக்கும் நடுவே புகுந்து சதையைத் தின்னும். பிறகு அந்தத் தோலையே வெட்டி, நூல் விட்டுத் தைத்து, சட்டையாகப் போட்டுக்கொண்டு திரியும். கடைசியில் அந்துப்பூச்சியாகும். ஆறு மாதம் மைக்ராஸ்கோப்பில் வைத்து ஒப்பிட்டேன். உலகத்தில் யாருமே பெயர் வைக்காத இனம். தெரிந்த அன்று அறைக்கதவைச் சாத்திக்கொண்டு ஆடினேன், சொல்ல வெட்கமில்லை.

ஆய்விதழ்க்காரர்கள் கட்டுரையைத் திருப்பி அனுப்பினார்கள். ஒரே மரம் போதாதாம். பரவல் வரைபடத்தில் இன்னோர் இடத்திலாவது புள்ளி வேண்டுமாம். ஸ்ரீமுஷ்ணம் வரை தேடினேன், இல்லை. இல்லையென்றால் கொண்டுபோய் விட வேண்டியதுதானே.

காடாம்புலியூர் இருசம்மாளுக்கு ‘தானே’ புயல் விட்டுவைத்தது பதினோரு முந்திரி மரம். முறிந்த கிளைகள் அப்போதுதான் துளிர்த்திருந்தன. சேதம் பார்க்க வந்ததாகச் சொன்னேன். மோர் கொடுத்தார். அவர் சொம்பு கழுவப் போன நேரத்தில் டிபன் பாக்ஸைத் திறந்தேன். இப்படி ஆறு தடவை.

சித்திரையில் போனபோது துளிரெல்லாம் வெளுத்து, எங்கு பார்த்தாலும் குட்டிச் சட்டைகள். எனக்குக் கைதட்டத் தோன்றியது.

"தோப்பே போச்சு சார். மருந்து வாங்கியாந்து வச்சிருக்கேன். அடிச்சிரட்டுமா?"

"வேணாம்மா. ஒரு மாசம் பொறுங்க, தானா போயிரும்."

மருந்தடித்தால் என் பூச்சிகள் செத்துவிடுமே. அவற்றுக்கு இறகு முளைக்க வேண்டாமா. படித்தவன் சொல்கிறான் என்று அவரும் பொறுத்தார். பதினோரு மரமும் காய்ந்தன. அடிக்காமல் வைத்திருந்த மருந்தை அவரே குடித்துவிட்டார்.

புழுவை விட்டது நான்தான். மருந்தைத் தடுத்ததும் நான்தான். எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அவருக்குக் கெடுதல் செய்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள். அந்த இனத்துக்கு இருசம்மாள் பெயரைத்தான் வைத்திருக்கிறேன். காரியத்தன்றே அவர் மகள் சிந்துஜாவிடம் போய்ச் சொன்னேன். அந்தப் பெண் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். சந்தோஷம் தாங்காமல்தான்.